பேசலாம், பாடக் கூடாது

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு யூரியா மூட்டை படம். எனக்குப் பொருத்தம்தான், நானும் இப்போது மூலையில் சாய்த்து வைத்த மூட்டைதான்.

ஆஸ்பத்திரி பிசியோ பெண் ஆஃப்ரீன், "தினமும் உடம்பு எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைங்க டீச்சர்" என்றாள். எழுதுகிறேன். இன்று உடம்பு கேவலமாக இருந்தது.

முடக்குவாதம். போன தீபாவளிக்கு விரல் கணுக்களில் தொடங்கி, தைக்குள் முழங்கால், கணுக்கால், தோள் என்று வந்துவிட்டது. டாக்டர் வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். அது வேலை செய்ய மாதங்கள் ஆகுமாம். அதுவரை வீட்டிலேயே ஏரோபிக்ஸ் செய்ய வேண்டுமாம். நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பது, பக்கவாட்டில் ஓரடி போய் வருவது, கை வீசுவது. "மூச்சு வாங்கணும் டீச்சர், ஆனா பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேச முடியணும். பாடவே முடிஞ்சா வேகம் பத்தலைன்னு அர்த்தம்" என்றாள்.

யாரிடம் சொல்கிறாள் இந்தச் சின்னப்பெண்? பொள்ளாச்சியில் முப்பது வருஷமாகப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை கோகிலவாணியிடம். மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவளிடம். எல்.கே.ஜி. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

ஜூன் வரைக்கும் மருத்துவ விடுப்பு. தலைமையாசிரியை பதமாகச் சொல்லிவிட்டார்: "முடியலைன்னா லைப்ரரியப் பார்த்துக்கலாம் டீச்சர். நிழல்ல இருக்கலாம்." எங்கள் பள்ளி லைப்ரரியில் பூட்டிய அலமாரிகளும் இரண்டு பிரம்பு நாற்காலிகளும்தான் உண்டு. ஆகாதவர்களை உட்கார வைக்கிற இடம் அது. அங்கே உட்காருவதைவிட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். ஜூனில் நான் மைதானத்தில் நின்றாக வேண்டும். அதற்காக எல்.கே.ஜி. என்றாலும் செய்வேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆஃப்ரீன் போனில் அனுப்பிய வீடியோவைப் போட்டேன். அதில் ஒரு வெள்ளைக்காரி. ஆரம்பம் முதல் கடைசிவரை பல்லைக் காட்டிக்கொண்டே காலைத் தூக்குகிறாள். நோயாளிகளைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சிரித்தால் அவளுக்கு ஏதோ கோளாறு. நான் தூக்கியபோது முழங்காலுக்குள் நறநற என்றது. பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாவாத்தாள் அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர், மாமா, இறந்தபிறகு என்னோடுதான் இருக்கிறாள். சமையல், துணி எல்லாம் அவள்தான். என் பாவாடையை அவள் பிழிகிறாள். சீ.

"நோவுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா குதிக்கச் சொல்றாங்களாக்கும்" என்றாள்.

"குதிக்கலைக்கா. நடக்கறேன்."

"நடந்தா எங்கியாச்சும் போய்ச் சேரோணுமல்ல? நின்ன எடத்துலயே நடந்தா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 7, வெள்ளி

குளித்துவிட்டு வர நேரமானது. ஏன் என்று எழுத வேண்டியதில்லை.

மார்ச் 12, புதன்

அக்கா கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்திருக்கிறாள். ஆட்டுக்கால் மாதிரி ரோமம் முளைத்த கிழங்கு. ரோமத்தைச் சுரண்டி, நசுக்கி, மிளகு போட்டு சூப் வைத்துக் கொண்டுவந்தாள். வாய்க்குள் போனதும் பூனையை நக்கிய மாதிரி இருந்தது. வாஷ்பேசினில் துப்பினேன்.

கத்திவிட்டேன். போன மாதம் நொச்சித் தழை ஆவி, அதற்கு முன் ஏதோ ஒரு தைலம். அந்த நாற்றம் தலையணையிலிருந்து இன்னும் போகவில்லை. "இனிமே வைத்தியம்னு சொல்லி என் வாயில ஒண்ணையும் ஊத்தக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு" என்றேன்.

"சரி, ஊத்தலை போ" என்றாள். சத்தியம் பண்ணாமலே தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆஃப்ரீன் என்னை ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்த்திருக்கிறாள். முழுக்க வாத நோயாளிகள். காலையில் ரோஜாப்பூக்கள், மாலையில் புலம்பல். அதில் காங்கயத்து ஜோதிமணி என்று ஒருத்தி. எழுதமாட்டாள், பேசித்தான் அனுப்புவாள். "ஏனுங் ஆஃப்ரீன் கண்ணு, இன்னிக்கும் முடியலீங்க. மொழங்காலு பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்குதுங்க. படுத்தே இருக்கறனுங்க." அந்தக் குரலில் ஒரு இழுப்பு இருக்கிறது. மைதானத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்களின் இழுப்பு. எனக்கு அதைக் கேட்டாலே உடம்பெல்லாம் கூசும்.

மார்ச் 20, வியாழன்

பேனா பிடிக்க முடியாததால் ஒரு வாரம் எழுதவில்லை.

அக்காவோடு சமாதானம். உடற்பயிற்சி முடிந்ததும் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். "இது வைத்தியமில்லடி, காப்பி" என்றாள். லேசாகக் கசக்கிறது. கேட்டால் சித்தரத்தை தட்டிப் போட்டாளாம். கருப்பட்டி போட்டு மறைக்கத் தெரியவில்லை. சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் குடித்துத் தொலைக்கிறேன்.

மார்ச் 26, புதன்

குழாயை நானே மூடினேன். சொட்டவில்லை. சந்தோஷம் என்றெல்லாம் எழுத மாட்டேன். குழாய் மூடியது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரியை அழித்துவிட்டு என் பழைய விசிலை எடுத்தேன். விசில் ஊதிக்கொண்டே கால் தூக்கினால் தாளம் கிடைக்கிறது. இப்போதெல்லாம் நாற்காலியைத் தொடுவதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பசி. சும்மா பசி இல்லை, அகோரப் பசி. தோசைக்கல்லை விட்டு அக்காவை நகரவிடவில்லை. அவள் சட்டினி அரைத்து அரைத்துப் போடுகிறாள், முகமெல்லாம் பூரிப்பு. உழைக்கிற உடம்புக்குப் பசிக்கத்தான் செய்யும். இந்த அடிப்படை கூடத் தெரியாமல் அந்தக் குழுவில் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா தாராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. வீடு அமைதி. சுக்குக் காப்பித் தொல்லை இல்லை. பால் காப்பி நானே போட்டுக்கொண்டேன்.

இன்று காலை விரல்கள் மறுபடியும் மடங்கவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. காரணம் தெரியும். அக்கா இல்லாத தைரியத்தில் நேற்று பாதி உடற்பயிற்சியில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். அதற்குத் தண்டனை. மெஸ் சாப்பாடு வேறு, டால்டா நாற்றம்.

ஏப்ரல் 14, திங்கள்

அக்கா வந்துவிட்டாள். உடம்பு மறுபடி என் சொல்பேச்சு கேட்கிறது. ஒழுங்காகச் செய்தால் ஒழுங்காக இருக்கும், இதுதான் பாடம்.

சித்திரை ஒன்று. கோவிலில் பார்த்தவர்களெல்லாம் ஒரே மாதிரி சொன்னார்கள். "டீச்சர், கன்னமெல்லாம் பூரிச்சுப் போச்சு, இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு." வயசான காலத்தில் என்ன களை, அசிங்கம். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பார்த்தேன். உருண்டையாகத்தான் இருக்கிறது.

தூக்கம்தான் சரியாக வருவதில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஏப்ரல் 19, சனி

ஆஃப்ரீன் கூப்பிட்டாள் என்று கோயம்புத்தூர் போனேன். பிசியோ அறையில் என்னை நிறுத்தி வீடியோ எடுத்தாள், குழுவில் போடுவதற்கு. டிராக் பேன்ட், விசில், வெள்ளை ஷூ. "கொஞ்சம் மெதுவா டீச்சர், மத்தவங்களும் செய்யணும்ல" என்றாள். மெதுவாகச் செய்ய எனக்குத் தெரியாது. பாட்டு வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கடைசியில் மூச்சு வாங்காமல் நின்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "மாத்திரை, தைலம் எல்லாம் அப்புறம். முதல்ல எழுந்திரிங்க. வலின்னு சொல்றது பாதி சோம்பேறித்தனம். என்னைப் பாருங்க."

நல்ல வரவேற்பு. குழு முழுக்கக் கைதட்டும் படங்கள். அந்த மஞ்சள் கைகளைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஜோதிமணி மட்டும் பேசி அனுப்பியிருந்தாள். "டீச்சர், நீங்க சாமி மாதிரிங்க. நானும் போட்டுப் பாத்தனுங்க, முடியலீங்க." அவளுக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டேன்: "முடியலை என்பது சோம்பேறிகளின் சொல். வீடியோவோடு கடைசிவரை செய்யுங்கள்." முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களை ஓட வைத்த வாக்கியம்.

வீட்டில் அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்தாள். சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பொறாமையாக இருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். படியேறித்தான் போனேன். லைப்ரரிப் பேச்சே இனி வேண்டாம், ஆகஸ்ட் அணிவகுப்பு என் பொறுப்பு என்றேன். "நம்பவே முடியலை டீச்சர்" என்றார். நம்பித்தான் ஆக வேண்டும்.

குழுவில் ஜோதிமணியின் ஒப்பாரி நின்றுவிட்டது. நல்லது.

மே 8, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுவேன்.

டாக்டரிடம் போகும் நாள். அக்காவும் வந்தாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சர்க்கரை ஏறியிருக்கிறது, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது.

"ஸ்டீராய்டு யாரும்மா குடுத்தது?"

"எனக்கு நீங்கதான் டாக்டர். வேற யாரு குடுப்பாங்க?"

"நான் குடுக்கலையே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் உயிரைக் கொடுத்து உடற்பயிற்சி செய்கிறேன், அதனால் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருப்பதும் ஒரு குற்றமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உடற்பயிற்சி நல்லதுதான். ஆனா அது முகத்தை இப்படி உருண்டையாக்காது. ஒரே வாரத்துல வலியைத் துடைச்சு எடுக்காது. வீட்டுல ஏதாச்சும் பொடி, லேகியம்? நாட்டு மருந்துன்னு சொல்லி அதுல ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடிச்சுக் கலந்து விக்கிற ஆளுங்க இருக்காங்க."

"என் வாயில அந்த மாதிரி எதையும்..." என்று ஆரம்பித்து அக்கா பக்கம் திரும்பினேன். அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூக்குப்பொடி நிறத்தில் ஒரு பொடி. பெயர் இல்லை, சீட்டு இல்லை. சந்தைக்கு வருகிற ஒரு வைத்தியன் கொடுத்தானாம், தினமும் சுக்குக் காப்பியில் ஒரு சிட்டிகை கலந்தாளாம்.

"எலைதழைன்னுதான் சொன்னான் வாணி. என்ற கண்ணு முன்னால நீ நல்லாயிட்டே. நான் என்னத்தக் கண்டேன்?"

"நான் வீடியோ எடுத்தப்போ சொல்லியிருக்கலாமில்ல?"

"அன்னிக்கு நீ சிரிச்சே" என்றாள். "நீ சிரிச்சு எத்தனை நாளாச்சு."

சீ. முதல் முறையாகக் குழாயை மூடியபோது அந்தக் கை என் கை என்று நினைத்தேன். காலைத் தூக்கியது என் கால் என்று நினைத்தேன். இத்தனை நாளும் மேடையில் ஆடியது பொடி. நான் அதற்கு விசில் ஊதியிருக்கிறேன்.

பொடியை டக்கென்று நிறுத்தக் கூடாதாம், நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். டாக்டரே அளவாக ஸ்டீராய்டு மாத்திரை எழுதி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாராம். ஆக, எந்த எழவை நினைத்தாலே வாந்தி வருகிறதோ அதையே தினமும் காலையில் எண்ணி விழுங்க வேண்டும்.

மே 9, வெள்ளி

பல் தேய்த்தும் கசப்பு போகவில்லை.

மே 15, வியாழன்

அளவு குறையக் குறைய விரல்கள் பழையபடி விறைக்கின்றன. முழங்கால் வீங்கிவிட்டது. உடற்பயிற்சி செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? அது ஒன்றும் கிழிக்கவில்லையே.

அக்காவிடம் பேசுவதில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நேற்று வீம்புக்கு நானே சமைக்கிறேன் என்று போனேன். கேஸ் திருகைத் திருப்ப முடியவில்லை. அவள் வந்து திருப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

போனில் என் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ சேலத்துக்காரர், "இந்த அம்மாவைப் பார்த்து நம்பிக்கை வந்தது" என்று எழுதியிருக்கிறார். உருண்டை முகத்தோடு துள்ளுகிற அந்தப் பெண்மணியைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

மே 17, சனி

ஆஃப்ரீன் போன் செய்தாள். டாக்டர் எல்லாம் சொல்லியிருக்கிறார். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவள் சொன்னது வேறு.

ஜோதிமணி படுக்கையில் இருக்கிறாள். வீங்கிய முழங்காலோடு என் வீடியோவுக்கு ஈடு கொடுத்து, விடாமல் குதித்திருக்கிறாள். வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். டாய்லெட்டுக்குப் போக மகன் தூக்கிக்கொண்டு போகிறானாம்.

"அவங்ககிட்ட யாரோ சோம்பேறின்னு சொல்லிட்டாங்களாம் டீச்சர். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

வீக்கத்தோடு வேகமாகச் செய்தது அவள் தப்பு. பார்த்துச் செய்திருக்க வேண்டும். பாட்டை வேகமாக வைக்கச் சொன்னது மட்டும்தான் நான்.

இல்லை. கடைசிவரை செய்யுங்கள் என்று எழுதியதும் நான்தான்.

"டீச்சர், அந்த வீடியோவை நான் எடுத்துடறேன். நீங்க இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே ஒண்ணு எடுத்து அனுப்புங்க. நாற்காலில உட்கார்ந்துகூடச் செய்யலாம். நோய் இருக்கறப்போ செய்யறதுக்குத்தானே இது, இல்லாதவங்களுக்கு எதுக்கு? பொடி நிறுத்திட்டோம்னு பயிற்சியையும் நிறுத்தாதீங்க. உங்க பழைய டயர்ட்னஸ் எல்லாம் இதுலதான் மெல்லக் குறையும், ஆனா மெல்லத்தான். பேசற வேகம், ஞாபகம் இருக்கில்ல?"

"பேசறதுக்கு வீட்டுல ஆள் இல்லை" என்றேன்.

சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

மே 21, புதன்

செய்துவிட்டேன். இப்படிச் செய்வேன் என்று நினைக்கவில்லை.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து ஓடவிட்டேன். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மாற்றி ஒரு கால். பிறகு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தரையிலிருந்து பாதம் எழும்புகிற அளவுக்கு. நைட்டிதான் போட்டிருந்தேன். டிராக் பேன்ட் நாடாவைக் கட்ட முடியவில்லை.

பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பேச ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணினே?" என்றேன், காலைத் தூக்கியபடியே. அதோடு மடை திறந்துவிட்டது. எனக்கே தெரியாமல் எனக்கு மருந்து கொடுக்க நீ யார், நான் மாடா, தீவனத்தில் கலந்து வைக்கிறதற்கு, ஊர் முன்னால் என்னைக் கோமாளியாக்கிவிட்டாய், ஒரு அப்பாவிப் பெண் என்னால் படுத்துக் கிடக்கிறாள் என்றெல்லாம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு வசவு. மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அவளும் வெடித்தாள்.

"ஆமா, போட்டேன்! மாசி மாசம் ஒரு நாளு குளிக்கப் போனியே, ஞாபகமிருக்குதா? உள்ளார நைட்டிய மாட்ட முடியாம நின்னுட்டே. என்னையக் கூப்புடவும் மாட்டேன்னு நின்னே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். தட்டுனா உனக்கு மானம் போயிரும்னு நானும் தட்டலை. நீ அழுவுற சத்தம் கேட்டுதுடி வாணி. எனக்கு என்ன வயசாகுது? நாளைக்கு நான் போயிட்டா நீ அப்படியே ஈரத்தோட நின்னுட்டிருப்பியேன்னு நெனச்சேன். அதான் போட்டேன். வெசம்னு தெரிஞ்சிருந்தா நான் குடிச்சிருப்பேன் முன்னால."

அந்த நாளை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நான் இத்தனை நாளும் இருந்தேன்.

என் கால் நின்றுவிட்டது. அழுவது எனக்குப் பிடிக்காது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

"சண்டை போடறதுன்னா சும்மா நிக்காதே. நீயும் காலைத் தூக்கிக்கிட்டே போடு" என்றேன்.

"எனக்கெதுக்கு?"

"உனக்கு என்ன வயசாகுதுன்னு இப்பத்தானே கேட்டே. தூக்கு."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியின் அந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இடதும் வலதும் தெரியவில்லை. அதற்கும் திட்டினேன். அவளும் விடவில்லை, என் ஆறு வயசில் நான் செய்ததிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தாள். இருவருக்கும் மூச்சிரைத்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நான் அன்றாடம் செய்ய வேண்டிய நேரம் முழுவதையும் தாண்டிவிட்டேன். திட்ட முடிந்தது. பாடச் சொல்லியிருந்தால் முடிந்திருக்காது. ஆஃப்ரீன் சொன்ன வேகம் அதுதான்.

பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். வீங்கிய கை, உப்பிய முகம், கசங்கிய நைட்டி, கத்துகிற வாய். பக்கத்தில் தாளம் தப்பிய ஒருத்தி. இதைவிட அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. குளியலறை விஷயம்கூட அதில் இருக்கிறது. வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் பொடி போட்ட காரணமும் போய்விடும்.

அக்காவிடம் கேட்டேன். "போட்டுத் தொலை, என்ற மொகமும் ஊருக்குத் தெரியட்டும்" என்றாள்.

குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கீழே, "போன வீடியோவை யாரும் பின்பற்ற வேண்டாம். அதில் ஆடியது நான் இல்லை" என்று எழுதினேன். எழுத நெடுநேரம் பிடித்தது, விரல் அப்படி.

மே 22, வியாழன்

அக்கா சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். "நீ ஒரு வாய் குடி முதல்ல" என்றேன். குடித்துக் காட்டினாள். இனி எப்போதும் அப்படித்தான். எச்சில் காப்பி, சீ. குடித்தேன்.

மே 27, செவ்வாய்

குழுவில் இந்த முறை மஞ்சள் கைகள் இல்லை. நாலைந்து நாளாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் போன் அடித்தது. பேசியது ஜோதிமணி.

"டீச்சருங்களா? படுத்துட்டேதான் பேசறனுங்க. இப்ப பரவால்லீங்க, வீக்கம் எறங்கிருச்சு. உங்க புது வீடியோவ எம்பையன் வெச்சுக் காட்டுனானுங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. அவளே பேசிக்கொண்டு போனாள்.

"உங்க அக்காவும் நீங்களும் போட்ட சண்டைய நாலு தடவை பாத்தனுங்க. ஒண்ணு கேக்கோணும் டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பொடினாலதான் உங்களால அத்தனை வேகமாச் செய்ய முடிஞ்சுதுங்களா?"

"ஆமாம்மா."

"பொடி இல்லாம உங்களுக்கும் முடியாதுங்களா?"

"முடியலை. நீங்க பார்த்தீங்கல்ல, அவ்வளவுதான் முடிஞ்சுது."

மகனிடம் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்வது போனில் கேட்டது.

"அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா டீச்சர்?"

அந்த இழுப்பு அப்போதும் அவள் குரலில் இருந்தது. முப்பது வருஷமாக எந்தக் குரலைக் கேட்டால் உடம்பு கூசியதோ அதே குரல்.

"இல்லைம்மா" என்றேன். "இல்லை. நீங்க இல்லை." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. நாளையிலிருந்து காலையில் போன் போட்டு, அவள் படுக்கையில் உட்கார்ந்தபடியும் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியும் செய்யலாமா என்று கேட்டேன். டாக்டர் சரி சொன்ன பிறகு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"திட்டுவீங்களா?" என்றாள்.

"மூச்சு இருந்தா" என்றேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. தலைமையாசிரியையிடம் போன வாரமே உள்ளதைச் சொல்லியிருந்தேன். லைப்ரரி வேண்டாம், மைதானத்தில் வேப்பமர நிழலில் ஒரு நாற்காலி போடுங்கள், அது போதும் என்று கேட்டேன். மைதானத்தில் நாற்காலி கேட்கும் பி.டி. ஆசிரியர்களை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவற்றையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். விரலால் விசிலைப் பிடிக்க முடியாததால் அக்கா பெரிய கயிறாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு தர்ஷிகா வரிசையிலிருந்து கழன்று என்னிடம் வந்தாள். "கால் வலிக்குது மிஸ்." அதே இழுப்பு. நாக்கு நுனியில் முப்பது வருஷத்து வாக்கியம் தயாராக நின்றது. விழுங்கினேன்.

"எங்கடா வலிக்குது? எப்போ இருந்து?" என்று கேட்டேன்.

அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்த்து வரவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "வலிக்கலை மிஸ். சும்மா சொன்னேன்" என்றாள்.

சீ என்று ஆகிவிட்டது. திருந்தலாம் என்று முதல் முறையாக ஒருத்தியிடம் ஆரம்பித்தால் அவள் இப்படி.

"இங்க நில்லு. நாற்காலியைப் பிடிச்சுக்க. நின்ன இடத்திலயே காலைத் தூக்கு. என்கிட்டப் பேசிக்கிட்டே தூக்கணும்."

"என்ன மிஸ் பேசறது?"

"எதையாச்சும் பேசு. பாட மட்டும் கூடாது."

அவள் வீட்டு நாய் குட்டி போட்ட கதையை ஆரம்பித்தாள். எந்தக் குட்டி என்ன நிறம், எதற்கு என்ன பெயர், எதைப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்தார்கள், எது இன்னும் கண் திறக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நானும் உட்கார்ந்தபடியே அவளோடு காலைத் தூக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.